மிளா போன பக்கம் அவன், காற்று வந்த பக்கம் நான்

புதிதாகக் காக்கி போட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு ட்ரோன் இருக்கிறது. மரத்தில் கட்டிவைக்கத் தானாகப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. எனக்கு இருந்தவை ஒரு டார்ச் லைட், ஒரு லத்தி, அப்புறம் செல்லப்பாண்டி. முதல் இரண்டையும் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். மூன்றாவதை எங்கே ஒப்படைப்பது என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை.

செல்லப்பாண்டியும் நானும் ஒரே நாளில் வனக்காப்பாளர்களாகச் சேர்ந்தவர்கள். அவனுக்குச் சாத்தூர், எனக்குக் காரியாபட்டிப் பக்கம். மேற்கே மலையடிவாரத்தில் அடுத்தடுத்த பீட்டில், அதாவது காவல் எல்லையில், போட்டார்கள். வனவர் பதவி உயர்வும் ஒன்றாகத்தான் வந்தது. இதுவரைக்கும் கணக்குச் சரியாக இருக்கிறது, இல்லையா? இதற்கு மேல்தான் வயிற்றெரிச்சல். நான் நாள் முழுக்கக் காட்டில் நடந்தால் கண்ணில் படுவது குரங்கு. அவன் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால் எதிரே சிறுத்தை வந்து நிற்கும். மழையில் நனைந்தால் எனக்குச் சளி பிடிக்கும், அவனுக்குப் பாராட்டுக் கடிதம் வரும். அவன் ஒன்றும் மோசமானவன் இல்லை. மோசமானவனாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியில் உங்களுக்குச் செம்மான் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எங்களுக்கும் காட்டினார்கள். குளிர்நாட்டு மான். சேர்க்கைக் காலத்தில் ஆண்மான் மலைமேல் நின்று தொண்டை கிழியக் கத்தும். அந்த ஊரில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, சீசன் பார்த்து, இத்தனை மான்தான் என்று எண்ணிச் சுடுகிறார்கள். நம் நாட்டில் எந்தச் சீட்டும் கிடையாது. சுட்டால் ஜெயில். அந்தச் செம்மானுக்கு ஒன்றுவிட்ட பங்காளிதான் நம் மிளா.

மிளாவைப் புள்ளிமான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போய்விடாதீர்கள். நன்றாக வளர்ந்த ஆண் ஒரு காளைக்குச் சமம். உடம்பு மரப்பட்டை நிறம், கழுத்தில் பிடரி மயிர், ஒவ்வொரு கொம்புக்கும் மூன்று கிளை. கொம்பு உதிரும், மறுபடி முளைக்கும். கூட்டம் கூடாது. தனியாகவே திரியும். அசையாமல் நின்றால் உங்களை மரம் என்று நம்பும். ஆனால் அதன் மூக்கையும் காதையும் ஏமாற்ற முடியாது. ஆபத்து என்று தெரிந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கி, லாரி ஹாரன் அடித்த மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். செந்நாய் விரட்டினால் தண்ணீரைத் தேடி ஓடி, அதற்குள் இறங்கி நின்று சண்டை போடும். இந்தக் கடைசிக் குணத்தை மறந்துவிடாதீர்கள். ஒரு பெண்ணின் உயிர் இதில்தான் தொங்கியது.

இன்னொரு குணமும் உண்டு. குளிர்காலத்தில் ஆண் மிளா சேற்றில் புரண்டு, கொம்பால் புதரைக் குத்தி அலங்கோலம் செய்து, தன் எல்லைக்குள் வரும் இன்னொரு ஆணை அடித்து விரட்டும். தோற்ற மிளாவின் மூஞ்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் ஷேவ் பண்ணும்போது பார்த்திருக்கிறேன்.

பட்டாசுக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் வேட்டைக்காரனுக்கு ஒரு வசதி இருக்கிறது. வேறு ஊரில் துப்பாக்கி வெடித்தால் நாலு ஊர் எழுந்து உட்காரும். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வெடி, கருமாதிக்கு வெடி. அடிவாரத்து விவசாயிகள் மக்காச்சோளத்தைக் காப்பாற்றப் பொழுது சாயும் நேரத்தில் தினமும் வெடி போடுவார்கள். அந்தச் சத்தத்துக்குள் சத்தமாக நாட்டுத்துப்பாக்கியை வெடித்துவிட்டுப் போய்விடுவான் வேட்டைக்காரன்.

ஒரு சாயங்காலம் எங்கள் ரேஞ்சர், செல்லப்பாண்டி, நான் மூன்று பேரும் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். தோட்டத்துப் பக்கம் சரம் வெடித்தது. அது ஓய்ந்ததும் தனியாக ஒரு வெடி. ரேஞ்சர் வெளி மாவட்டத்துக்காரர், என்னைத் திரும்பிப் பார்த்தார். பட்டாசு மண்ணில் பிறந்தவன் என்ற கெத்து எனக்கு.

"அணுகுண்டு சார். திரி கொஞ்சம் நமத்துப் போச்சு, அதான் சத்தம் அமுங்கலா இருக்கு" என்றேன்.

செல்லப்பாண்டி கையை உயர்த்தினான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மிளா கத்தியது. நிறுத்தி, மறுபடி கத்தியது.

"வெடிக்கு மிளா கத்தாது சார். தெனமும் கேட்டுப் பழகிருச்சு. அது ஆளைப் பாத்துருக்கு. ஓடைக்குள்ள ஆள் கெடக்கான்" என்றான்.

போனோம். ஆட்கள் இருந்தார்கள், துப்பாக்கி இருந்தது, சுடப்பட்ட பெட்டை மிளா கிடந்தது. பிடித்தோம். ரேஞ்சர் அவன் முதுகில் தட்டி, "காதுன்னா இதுதான்யா காது" என்றார். என்னிடம், "நீ அணுகுண்டை எண்ணிக்கிட்டே இரு" என்றார். அவர் மாற்றலாகிப் போகும்வரை எனக்குச் சரகத்தில் அணுகுண்டு என்றுதான் பெயர்.

உங்களுக்கு உரிய பாடம் எளிது. வெடிச் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அதற்குப் பிறகு காடு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இந்த அறிவு எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது.

அன்றிலிருந்து அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு மனிதனை அவன் பெண்டாட்டிகூட அப்படிக் கவனித்திருக்க மாட்டாள். எங்கே நின்றாலும் ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து விரல் நடுவே நழுவவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பான். அதை நானும் திருட்டுத்தனமாகப் பழகினேன். ஆனால் இன்னொன்று எனக்கு வரவேயில்லை. அவன் நின்றால் நின்றதுதான். இமையில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான். எனக்குக் கொஞ்ச நேரத்தில் கால் மாற்றத் தோன்றும், தொண்டையைச் செருமத் தோன்றும். வீட்டு மொட்டைமாடியில் நின்று பழகிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி, "என்ன, வேண்டுதலா?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

இனி சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மறுபடி வேலையைத் தொடங்கிய சமயம், வாடைக்காற்றுக் காலம். மலையில் பெரிய ஆணிடம் அடி வாங்கிய ஒரு மிளா, ஓடையும் சீமைக்கருவேலமுமாகப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்து, ஒரு பட்டாசு ஆலைக்குள் புகுந்துவிட்டது. காலையில் வேலை நடக்கும் நேரம். சிவகாசியில் வேறு வேலையாக இருந்த நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அந்த ஒரு தடவை அவனுக்கு முன்னால்.

போனவன் என்ன செய்தேன் தெரியுமா? காட்டு விலங்கை விரட்ட எங்கள் ஜீப்பில் எப்போதும் ஒரு பை நிறைய வெடி இருக்கும். பழக்க தோஷத்தில் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டைப் பையில் தீப்பெட்டியோடு ஆலை வாசலில் இறங்கினேன். போர்மேன் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சாமி, அங்கனயே நில்லுங்க! அந்தப் பையை ஜீப்புல வைங்க. தீப்பெட்டி, செல்லு, சாவி, பெல்ட்டு எதுவும் உள்ள வரக்கூடாது. பூட்ஸையும் கழட்டுங்க, அடியில ஆணி இருக்கும். என்ன ஆனாலும் உள்ள ஓடக்கூடாது சார்."

வெறுங்காலோடு அவர் பின்னால் நடந்தேன். வேலையாட்களை எல்லாம் அவர் சத்தமில்லாமல் வெளியே அனுப்பியிருந்தார். ஒருவரைத் தவிர. வெடிமருந்து செலுத்தும் ரூமில் பேச்சியம்மாள் என்ற பெண் மாட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது நடந்தால் எந்தப் பக்கமும் ஓட வசதியாக அந்த ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. ஆனால் ரூமை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, தொட்டியை ஒட்டி மிளா. எந்த வாசலில் இறங்கினாலும் அது பார்த்துவிடும். மிரண்டு ஓடினால் முன்னால் காயப்போடும் மேடை, அதன்மேல் வரிசையாக மருந்து ஏற்றிய புஸ்வாணம். குளம்பு பட்டு ஒன்று உரசினால் போதும். பேச்சியம்மாள் மருந்துக்கு நடுவில் சம்மணம் போட்டபடி உட்கார்ந்திருந்தார். முந்தானையை வாயில் கவ்வியிருந்தார்.

போர்மேன் வாயசைவிலேயே, "அசையாத தாயி, ஆள் வந்தாச்சு" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மயக்க ஊசித் துப்பாக்கியோடு மருத்துவர் வெளியூரிலிருந்து கிளம்பியிருந்தார். வந்தாலும் பயனில்லை. ஊசி பட்ட மிளா உடனே படுத்துவிடாது, கண்டபடி ஓடிவிட்டுத்தான் விழும். போர்மேன் அதைக் கேட்டதும், "துப்பாக்கியா? அப்ப மொதல்ல என்னைச் சுட்டுட்டு உள்ள போங்க" என்றார்.

அதற்குள் செல்லப்பாண்டி ஆட்களோடு வந்துவிட்டான். அவன் வந்ததுமே ரோட்டில் நின்ற கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பத்திரிகைக்காரர் இரண்டு பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் வந்தபோது என்னிடம் ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

செல்லப்பாண்டி என்னிடம், "நாலு பேரு வரிசையா நின்னு மெதுவா நடந்து வந்தா, முன் கேட்டு வழியாப் போயிரும் மாப்ளே" என்றான்.

"போகாது. நெருக்குனா தண்ணிக்குத்தான் போகும். தொட்டி எங்க இருக்குன்னு பாத்தியா? அந்தப் பொம்பளை ரூமுக்குள்ள கொம்பை விடும்" என்றேன்.

அவன் தொட்டியைப் பார்த்தான். முகம் வாடியது. ஒரு பெண் சாவின் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது என்று சொன்னால் என்னை அற்பன் என்பீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை. அவன் தவறியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் குனிந்து புழுதி எடுத்தான். நான் அதற்குள் எடுத்து நழுவவிட்டிருந்தேன். காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது ஆலையின் கக்கூஸ் இருந்த பக்கத்திலிருந்து, மிளாவைத் தாண்டி ஆலையின் பின்கதவை நோக்கிப் போனது. பின்கதவுக்கு வெளியே வலது கைப் பக்கம் ஓடை, கருவேலங்காடு. இடது கைப் பக்கம் ரோடு, கூட்டம்.

வேட்டைக்காரன் எப்படி உட்காருவான்? தன் வாசம் மானுக்குப் போகாதபடி காற்றுக்குக் கீழே உட்காருவான். அதைத் தலைகீழாக்கினால் போதும் என்று எனக்குப் பட்டது. சத்தம் போடக் கூடாத இடத்தில் வாசத்தைக் கொண்டு விரட்டுவது. காற்றுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் ஒருவன் உட்கார்ந்து, மனித வாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால், மிளா மிரளாது, ஆனால் அங்கே நிற்கப் பிடிக்காமல் எதிர்ப்பக்கம் நகரும். அவனிடமும் போர்மேனிடமும் சொன்னேன். வாசத்துக்கா பஞ்சம்? எங்கள் ஆட்களும் லோடு ஏற்றும் ஆட்களும் கழற்றிக்கொடுத்த வியர்வைச் சட்டைகள் ஒரு குவியல் சேர்ந்தது.

எல்லாம் சரி. ஆனால் பின்கதவுக்கு வெளியே இடது பக்கம் ஒரு ஆள் நின்றாக வேண்டும். வெளியே வரும் மிளா அவனை ஒரு மரம் மாதிரி பார்த்து ஒதுங்கி, வலது பக்கம் ஓடைக்குத் திரும்ப வேண்டும். அவன் மூச்சு பலமாக விட்டாலும் அது திரும்பி உள்ளேதான் ஓடும். மேடைக்கு, புஸ்வாணத்துக்கு, பேச்சியம்மாளுக்கு.

அந்த இடம் ரோட்டிலிருந்து பளிச்சென்று தெரியும். கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் தயாராக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கேமராவும் என் பக்கம் திரும்பியதில்லை. திட்டம் என்னுடையது. அந்த இடத்தில் நானே நிற்க வேண்டும் என்று என் உடம்பே கேட்டது.

போர்மேன் என் முழங்கையைத் தொட்டார். "சார், பேச்சி எம்புட்டு நேரந்தான் அசையாம இருப்பா? கால் மரத்துப்போச்சுன்னா சாஞ்சிருவா. வீட்ல ரெண்டு பிள்ளைக இருக்குக சார்."

அந்த நேரத்தில் நான் நினைக்காமலே என் வலது கால் தானாக இடம் மாறி நின்றது. நான் அதைக் குனிந்து பார்த்தேன்.

"ஏலே செல்லப்பாண்டி, வெளிய நீ போய் நில்லு" என்றேன். வாழ்க்கையில் எத்தனையோ கெட்ட வார்த்தை பேசியிருக்கிறேன். இதைப்போல எதுவும் என் வாயைக் கசக்க வைத்ததில்லை.

"அப்ப நீ?"

"நான் கக்கூசுக்குப் பின்னால."

அவன் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து போனான்.

கக்கூசுக்குப் பின்னால் சட்டைக் குவியலோடு, சுவர் விளிம்பில் ஒரு கண்ணை மட்டும் வைத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு சட்டையாக எடுத்து ஒரு குச்சியில் தொங்கவிட்டேன். எனக்கே குமட்டியது. மிளா தலையைத் தூக்கியது. மூக்கு விடைத்தது. முன்னங்காலை ஒரு தடவை தட்டியது. பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மிளா கத்திவிட்டால் முடிந்தது, அடுத்தது ஓட்டம்தான். அடுத்த சட்டையை எடுக்காமல் கையைக் கீழே வைத்தேன். போதும் என்று தோன்றியது. விரட்டுகிறவனுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும், தம்பிகளே, மற்றதெல்லாம் யாரும் செய்வார்கள்.

மிளா திரும்பியது. மேடையை ஒட்டியே, விருந்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற சம்பந்தி மாதிரி நிதானமாக நடந்தது. பின்கதவைத் தாண்டியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு அப்பால் இருந்ததைக் கக்கூஸ் சுவர் மறைத்துவிட்டது. வெளியே நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். அவன் அசையவில்லையாம். மிளா அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று பார்த்ததாம். அவன் கண்கூடச் சிமிட்டவில்லையாம். அப்புறம் வலது பக்கம் திரும்பி ஓடைக்குள் இறங்கிவிட்டதாம். ராத்திரி எங்கள் ஆட்கள் பின்தொடர்ந்து, அது மேற்கே மலையைப் பார்த்துப் போவதை உறுதி செய்தார்கள்.

பேச்சியம்மாளை இரண்டு பெண்கள் தாங்கிக் கொண்டுவந்தார்கள். நேராகச் செல்லப்பாண்டியிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி மாதிரி நின்னீகளே" என்று அழுதார். நான் அப்போது சட்டைகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு லோடுமேன் தன் சட்டை இது இல்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தான்.

செல்லப்பாண்டி அந்தப் பெண்ணிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவர் என்னைப் பார்த்தும் கும்பிட்டார். ஆனால் இரண்டாவது கும்பிடு இரண்டாவதுதான்.

மறுநாள் எல்லார் போனிலும் அந்தப் படம். ஒரு பக்கம் கொம்போடு மிளா, எதிரில் இவன், இருவரும் ஏதோ குடும்ப விஷயம் பேசுகிற மாதிரி. என் வீட்டுக்காரியே அதை ஸ்டேட்டஸ் வைத்தாள். கேட்டதற்கு, "படம் நல்லா இருக்கு, அதுக்கென்ன?" என்றாள். அதோடு போனதா? சிவகாசியில் ஒரு படம் நன்றாக இருந்தால் சும்மா விடுவார்களா? புது வருஷத்துக்கு யாரோ அதைக் காலண்டராகப் போட்டுவிட்டார்கள். டீக்கடை, மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, எங்கே போனாலும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிசம்பர் மாதம் வரைக்கும் கிழிக்கக் கிழிக்க அவன் மூஞ்சி அப்படியே இருந்தது, தேதிதான் குறைந்தது.

உங்களுக்குச் சொல்ல வருவது இதுதான். பொறாமைப்படாதீர்கள் என்று வகுப்பில் சொல்வார்கள். என்னால் முடியாததை உங்களுக்கு நான் போதிக்க மாட்டேன். ஆனால் பொறாமைப்படுகிறவனுக்கு ஒன்று தெரியும். அடுத்தவனுக்கு எது வரும், எது வராது என்று அவனுடைய நண்பர்களைவிட நன்றாகத் தெரியும். உங்கள் சரகத்தில் யாரைக் கண்டால் உங்கள் வயிறு எரிகிறதோ, அவனை நன்றாகப் பார்த்து வையுங்கள். ஒரு உயிர் ஊசலாடும் நேரத்தில் நீங்கள் கூப்பிட வேண்டிய ஆள் அவனாகத்தான் இருப்பான். அப்போது வாய் கசக்கும். கசந்தாலும் அவன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால், எதுவும் தப்பாகப் போய்விடக் கூடாதே என்று அவனுக்குப் போன் செய்தேன். இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். அவன் சாத்தூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். எழுதப் போவதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டான்.

"மாப்ளே, ஒண்ணை விட்டுட்டியே. அன்னைக்கு நான் உன் எடத்துல இருந்திருந்தா உன் பேரைச் சொல்லிருக்க மாட்டேன். நின்னு பாக்கலாம்னு நானேதான் போயிருப்பேன். அவ்வளவு கேமராவை விட்டுட்டுக் கக்கூசுக்குப் பின்னால போக எனக்கு மனசு வந்திருக்காது" என்றான்.

எத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் தெரியுமா? ஒரு விஷயத்திலாவது அவனைவிட நான் மேல் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று. கடைசியில் அவனே சொல்லிவிட்டான். கூச்சமில்லாமல், தயங்காமல், டீ குடித்தாயா என்று கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கவே மாட்டேன். போனை வைத்ததும் வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.